கத்தல் நின்றது, மகள் பேசவில்லை: ஓர் அப்பாவும் மகளும், எட்டு மாத நிகழ்வு ஆய்வு

இது ஒரு குடும்பத்தோடு நான் ஆலோசகராக இருந்த எட்டு மாதங்களின் பதிவு. அப்பாவுக்கு வயது 46, மகளுக்கு 15. அம்மாவும் இதில் உண்டு. அவருடைய பங்கு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்தவற்றின் வரிசையையும் நான் எடுத்த முடிவுகளையும், தவறானவை உட்பட, அப்படியே வைத்திருக்கிறேன்.

பின்னணி

அப்பா ஒரு கிடங்கில் ஷிப்ட் மேற்பார்வையாளர். காலையில் சீக்கிரம் கிளம்பி இரவு ஏழு மணிவாக்கில் வீடு திரும்புவார். கோபக்காரர் என்று உறவினர் மத்தியில் பெயர் உண்டு. அவரே அதை மறைப்பதில்லை. "கத்திடுவேன், ஆனா அஞ்சு நிமிஷத்துல மறந்துடுவேன். மனசுல எதையும் வச்சுக்க மாட்டேன்" என்றுதான் முதல் நாள் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். அதைச் சொன்ன குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அவர்கள் என்னிடம் வருவதற்கு நான்கு மாதம் முன்பு ஒரு நிகழ்வு. மகள் ஒரு பாடத்தில் தேர்ச்சி பெறாததை வீட்டில் சொல்லாமல் மறைத்திருக்கிறாள். அது தெரியவந்த இரவு அப்பா அவள் கையிலிருந்த ஃபோனைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தார். அவளை அடிக்கவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல "கிளம்பிட்டியா?" என்று கேட்டார். அந்த வாரக் கடைசியில் புது ஃபோனும் வாங்கித் தந்தார். அவரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்துபோயிற்று.

மகள் அன்றிலிருந்து அவரோடு முழு வாக்கியமாக எதுவும் பேசவில்லை. "ம்", "இல்ல", "தெரியல", இவ்வளவுதான். வீட்டுக்கு வந்தவர்கள் எதிரில் மரியாதையாக நடந்துகொள்வாள். சண்டை கிடையாது, எதிர்ப்பேச்சு கிடையாது. அதனாலேயே மூன்று மாதம் வரை அப்பாவுக்கு இது உறைக்கவில்லை. அம்மாதான் இழுத்து வந்தார்.

முதல் சந்திப்புகளில் கண்டது

மூவரையும் சேர்த்து ஒருமுறையும், பிறகு தனித்தனியாகவும் சந்தித்தேன். தனியாகப் பார்த்ததன் முதல் காரணம் பாதுகாப்பு. வீட்டில் அடி உண்டா, தள்ளுதல் உண்டா, குடி உண்டா, அவர் வரும்போது உடம்புக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் உண்டா என்று அம்மாவிடமும் மகளிடமும் வெவ்வேறு நாளில் கேட்டேன். இருவரும் இல்லை என்றார்கள், விவரங்களும் ஒத்துப்போயின. பதில் வேறாக இருந்திருந்தால் மூவரையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசும் வழியை எடுத்திருக்கவே மாட்டேன். அடிபடுகிற ஒருவரை, அடிப்பவர் எதிரில் மனம் திறக்கச் சொல்வது ஆபத்து. அங்கே முதல் வேலை பாதுகாப்புதான், நெருக்கம் அல்ல.

மகள் சொன்னவற்றில் ஒன்று என்னை விட்டுப் போகவில்லை. அப்பாவின் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்கும்போதே அவளுக்குத் தெரியுமாம். உடனே அறைக்குள் போய் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்வாள். என்ன கேட்பாய் என்று கேட்டேன். "பாட்டு எதுவும் ஓடாது. மாட்டியிருந்தா யாரும் கூப்பிட மாட்டாங்க, அவ்ளோதான்" என்றாள். அதாவது காதை அடைத்துக்கொள்வதுபோல் காட்டிக்கொண்டு, வீட்டில் நடக்கும் ஒவ்வொரு சத்தத்தையும் கவனித்துக்கொண்டிருந்தாள். கதவு எவ்வளவு வேகமாகச் சாத்தப்பட்டது, சாவி எப்படி வைக்கப்பட்டது என்பதை வைத்து அன்றைய இரவு எப்படி இருக்கும் என்று கணித்துவிடுவாள். அஞ்சு நிமிடத்தில் மறந்துவிடும் கோபத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு என்பதை எனக்கு இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை. கத்தியவருக்கு அது ஒரு மாலையோடு போயிற்று. கேட்டவள் அடுத்த மாலைக்காக ஒவ்வொரு நாளும் தயாராகிக்கொண்டிருந்தாள்.

அம்மா நடுவில் இருந்தார். "எங்க போனாளாம்?" என்று அப்பா கேட்டால், அதை "அப்பா கேக்கறாரும்மா, எப்ப வந்தே?" என்று மென்மையாக்கிக் கொண்டுபோவார். மகளின் "தெரியல" அப்பாவிடம் போய்ச்சேரும்போது "அவளுக்குப் படிக்க நெறைய இருக்காம்" என்று மாறியிருக்கும். அன்போடு செய்த வேலைதான். ஆனால் நான்கு மாதமாக அப்பாவும் மகளும் பேசிக்கொண்டது ஒருவரோடொருவர் அல்ல, அம்மாவின் மொழிபெயர்ப்போடு.

அப்பா சொன்னதில் கவனிக்கத்தக்கது இரண்டு. ஒன்று, அவருடைய அப்பாவும் அப்படித்தான், "அவரு கத்தினதாலதான் நான் ஆளானேன்" என்ற நம்பிக்கை. இன்னொன்று தற்செயலாக வந்தது. ஃபோன் எறிந்த இரவைப் பற்றி விவரித்துக்கொண்டிருந்தபோது அவர் கையில் நாடித்துடிப்பு காட்டும் கடிகாரம் இருந்தது. பார்க்கச் சொன்னேன். நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தவருக்கு நிமிடத்துக்கு 108. நான்கு மாதம் முன்பு மறந்துபோன விஷயம் என்று அவர் சொன்னது, உடம்பில் மறக்கப்படாமலேயே இருந்தது. அவரும் அதைப் பார்த்துச் சற்று நேரம் பேசவில்லை.

முதல் முடிவு: கோபத்திலிருந்து தொடங்கியது

கோபத்தை முதலில் அடக்குவோம், நெருக்கம் தானாக வரும் என்று முடிவெடுத்தேன். அப்போது அது சரியாகவே பட்டது. வீட்டில் எல்லோரும் பேசியது கோபத்தைப் பற்றித்தான். அளக்கவும் அதுதான் எளிது.

இரண்டு வாரம் ஒரு குறிப்பேடு வைக்கச் சொன்னேன். கோபம் வந்த நேரம், அதற்கு முன் நடந்தது, உடம்பில் எங்கே தெரிந்தது, மனதில் ஓடிய முதல் வாக்கியம். பதினான்கு நிகழ்வுகள் எழுதியிருந்தார். அவற்றில் பதினொன்று வீட்டுக்குள் நுழைந்த முதல் ஒரு மணி நேரத்தில் நடந்தவை. பசி, களைப்பு, வேலையிடத்திலிருந்து இன்னும் வந்துகொண்டிருந்த அழைப்புகள். மனதில் ஓடிய வாக்கியங்களில் பாதிக்கு மேல் ஒரே சாயல்: "என்னை யாரும் மதிக்கல." மகளின் மூடிய கதவைப் பார்த்ததும் வந்த வாக்கியமும் அதுவே.

அப்பாவுக்கு ஒரு யோசனை இருந்தது. உடற்பயிற்சிக் கூடத்தில் குத்துப்பை இருக்கிறது, அதில் குத்தி ஆத்திரத்தை வெளியேற்றிவிட்டு வீட்டுக்கு வரலாமா என்று கேட்டார். பலரும் நம்பும் வழி. ஆனால் ஆய்வுகள் அதற்கு எதிராக நிற்கின்றன. உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், வேண்டுமென்றே எரிச்சலூட்டப்பட்ட சுமார் 600 மாணவர்களில், எரிச்சலூட்டியவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது. எதுவும் செய்யாமல் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிடச் சாந்தமாக நடந்துகொண்டார்கள். 2024-இல் சோஃபி க்யார்விக்கும் புஷ்மனும் 154 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் அதே பக்கம்தான் முடிவு வந்தது: உடம்பின் கொதிப்பைக் குறைக்கிற ஆழ்ந்த மூச்சு, தசைத் தளர்வு, தியானம் போன்றவை கோபத்தைக் குறைக்கின்றன. ஓடுவது போல உடம்பைச் சூடேற்றுகிறவற்றால் கோபம் குறைவதில்லை. உடற்பயிற்சி உடம்புக்கு நல்லது, செய்யட்டும். கோபத்துக்கு மருந்தாக அதை எடுக்க வேண்டாம் என்றேன்.

அதற்குப் பதில் இரண்டு ஏற்பாடுகள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் பத்து நிமிடம் அங்கேயே உட்கார்ந்து, உள்ளிழுப்பதைவிட நீளமாக மூச்சை வெளிவிட வேண்டும். ஃபோன் அணைந்திருக்க வேண்டும். இரண்டாவது, வீட்டுக்குள் கோபம் ஏறுவது தெரிந்தால் அந்த இடத்தைவிட்டு மாடிக்குப் போய்விட வேண்டும். உளவியலாளர்கள் ஜான் காட்மன், ராபர்ட் லெவன்சன் ஆகியோர் தம்பதிகளின் சண்டையை உடல் அளவீடுகளோடு ஆராய்ந்தார்கள். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு நூறைத் தாண்டிய பிறகு எதிரில் இருப்பவர் சொல்வதைக் காதில் வாங்குவதே கடினம், தணிய குறைந்தது இருபது நிமிடமாவது வேண்டும் என்பது காட்மனின் கணக்கு. அந்த 108-ஐப் பார்த்திருந்த அப்பாவுக்கு இதை விளக்கத் தேவையே இருக்கவில்லை.

ஆறாவது வாரம்: அமைதியான வீடு

ஏற்பாடு வேலை செய்தது. ஆறாவது வாரம் வந்தபோது ஒன்பது நாட்களாக வீட்டில் கத்தல் இல்லை. அப்பா குறிப்பேட்டை மேசைமேல் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பாராட்டினேன். உண்மையிலேயே பாராட்டத்தக்க உழைப்புதான் அது.

அதே வாரம் மகளைத் தனியாகச் சந்தித்தேன். இப்போது வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நல்லபடியாகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"முன்னாடி அப்பா கத்துவாரு, முடிஞ்சுடும். இப்ப மாடிக்குப் போயிடறாரு. கீழ வந்தா டிவி பாக்கறாரு. நான் ஏதோ பண்ணிட்டேன்னு மட்டும் தெரியுது. என்னன்னு தெரியல."

கொஞ்சம் பொறுத்து இன்னொன்றும் சொன்னாள். "இப்ப அவர் இல்லாத மாதிரியே இருக்கு."

நான்கு மாதம் அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இப்போது அப்பா மாடிக்குப் போகிறார். ஒரு வீட்டில் இரண்டு ஹெட்ஃபோன்கள். அந்த இரண்டாவதை மாட்டிவிட்டது நான்.

என் கணிப்பில் இருந்த தவறு

இந்தப் பகுதிக்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன். கோபம் குறைவதும் நெருக்கம் கூடுவதும் ஒன்று என்று நினைத்துவிட்டேன். கோபம் வழியை மறித்துக்கொண்டு நிற்கும் கல், அதை எடுத்துவிட்டால் மறுபுறத்து நீர் தானாகப் பாயும் என்று ஒரு படம் என் மனதில் இருந்தது. இந்த வீட்டில் கல்லுக்குப் பின்னால் நீரே தேங்கியிருக்கவில்லை. அப்பாவும் மகளும் கடைசியாக எதைப் பற்றியாவது சும்மா பேசியது எப்போது என்று முதல் வாரத்திலேயே கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். பிறகு கேட்டேன். இருவருக்கும் நினைவில்லை. ஃபோன் எறிந்த இரவுக்கு வெகுநாள் முன்பே அந்த வாய்க்கால் வறண்டிருந்தது. கோபம் ஒன்றுதான் அப்பாவிடமிருந்து மகளுக்கு நேராகப் போய்ச்சேர்ந்த ஒரே உணர்ச்சி. அதையும் நிறுத்தியதும் மிச்சம் ஒன்றுமில்லை.

இன்னொரு தவறு, செய்முறையில். விலகிப் போகச் சொல்லிக்கொடுத்தேன், திரும்பி வரச் சொல்லிக்கொடுக்கவில்லை. காட்மனின் வழியிலேயே இடைவேளை என்பது பேச்சை ஒத்திவைப்பதுதான், கைவிடுவது அல்ல. திரும்பி வரும் நேரத்தைச் சொல்லாமல் எழுந்து போவது, எதிரில் இருப்பவருக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டது போலத்தான் தெரியும்.

அதுவும் போக, அப்பா மாடியில் கோபத்தைத் தணித்தாரா அல்லது விழுங்கினாரா என்று நான் பார்க்கவில்லை. இரண்டும் வேறு. எமிலி பட்லர், ஜேம்ஸ் கிராஸ் முதலியோர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு அந்த வாரம் நினைவுக்கு வந்தது. முன்பின் அறியாத பெண்கள் இருவர் இருவராக மனதை உலுக்கும் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு அதைப் பற்றிப் பேசினார்கள். சில இணைகளில் ஒருவரிடம் மட்டும், உணர்ச்சியை வெளியே காட்டாதீர்கள் என்று ரகசியமாகச் சொல்லப்பட்டிருந்தது. அவரோடு பேசியவருக்கு, காரணம் தெரியாமலேயே, ரத்த அழுத்தம் ஏறியது. இருவருக்கும் இடையே ஒட்டுதலும் குறைந்தது. மகள் சொன்ன "என்னன்னு தெரியல" என்பது அதுதான். அப்பாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, அவளுக்குத்தான் வயிற்றில் பிசைந்தது.

திசை மாற்றம்

ஏழாவது வாரம் அப்பாவிடம் விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். நான் கொடுத்த வழி பாதிதான், மீதியை விட்டுவிட்டேன் என்றேன். முதலில் முகம் சுருங்கியது. "கத்தினாலும் தப்பு, கத்தலைன்னாலும் தப்பா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நீங்கள் செய்தது வீணாகவில்லை, அது இல்லாமல் அடுத்த வேலையைத் தொடங்கியிருக்கவே முடியாது என்று பதில் சொன்னேன். அதை அவர் ஏற்றுக்கொள்ள ஒரு வாரம் ஆனது.

இடைவேளைக்கு இரண்டு வாக்கியங்கள் சேர்த்தோம். போகும்போது: "எனக்குக் கோபம் ஏறுது, அரை மணி நேரத்துல வரேன்." வந்ததும் ஒரு வாக்கியம், தன்னைப் பற்றி மட்டும். "நீ இப்படிப் பண்ணினே" என்று தொடங்கக் கூடாது. சொன்ன நேரத்துக்கு வந்தே ஆக வேண்டும், இன்னும் தணியவில்லை என்றால்கூட வந்து "இன்னும் கொஞ்சம் நேரம் வேணும்" என்றாவது சொல்ல வேண்டும். அவரைப் பொறுத்தவரை மாடிக்குப் போவதைவிட இது பல மடங்கு கடினமாக இருந்தது. முதல் வாரம் இருமுறை படிக்கட்டில் பாதி இறங்கி மறுபடி மேலே போயிருக்கிறார்.

அம்மாவிடம் தூது போவதை நிறுத்தச் சொன்னேன். இருவருக்கு இடையிலான இறுக்கத்தை மூன்றாமவர் சுமந்துகொள்ளும் இந்த முக்கோணத்தைக் குடும்ப சிகிச்சை முன்னோடிகளில் ஒருவரான மர்ரே போவன் விரிவாக எழுதியிருக்கிறார். மூன்றாமவர் சுமக்கிற வரை மற்ற இருவருக்கும் நேராகப் பேசும் அவசியம் வருவதில்லை. "நீங்களே கேளுங்க" என்று மட்டும் அம்மா சொல்ல வேண்டும். கேட்டதும் அவர் கண் கலங்கியது. "நான் நடுவுல இல்லன்னா ரெண்டு பேரும் பேசவே மாட்டாங்களே" என்றார். முதல் பத்து நாட்கள் அப்படித்தான் இருந்தது. இரவுச் சாப்பாடு முழுக்க யாரும் பேசாமல் முடிந்த நாட்களும் உண்டு. அவர் பொறுத்துக்கொண்டார். இந்த எட்டு மாதத்தில் மிகப் பெரிய துணிச்சல் அதுதான் என்பேன்.

அப்புறம், அதிக பலன் தந்த ஏற்பாடு. மகள் நெருங்கி வரும் தருணங்களைக் கவனிக்கச் சொன்னேன். "அவ எங்கிட்ட வர்றதே இல்லையே" என்றார் அப்பா. சரி, ஒரு வாரம் எதுவும் செய்ய வேண்டாம், பார்த்து எழுதிக்கொண்டு மட்டும் வாருங்கள் என்றேன். நான்கு எழுதி வந்தார். சார்ஜர் எங்கே என்று கேட்டாள். அவர் ஃபோனில் எழுத்து சின்னதாக இருப்பதைப் பார்த்து, கேட்காமலேயே வாங்கிப் பெரிதாக்கிக் கொடுத்தாள். ஒரு நாள் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. ஒரு நாள் தொலைக்காட்சியில் எதற்கோ சிரித்துவிட்டு அவர் பக்கம் ஒரு கணம் பார்த்தாள்.

அவரே அதன் பக்கத்தில் தன் பதில்களையும் எழுதியிருந்தார். சார்ஜருக்கு: "ஒரு பொருளை எடுத்த இடத்துல வைக்கத் தெரியாதா?" எழுத்தைப் பெரிதாக்கியதற்கு: "ஃபோன்ல மட்டும் எல்லாம் தெரியுது." அதை வாசித்துக் காட்டும்போது அவர் குரல் தாழ்ந்தது. அந்தத் தாளை என்னிடம் கொடுத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தச் சின்னச் சின்ன அழைப்புகளைப் பற்றி காட்மன் ஆய்ந்திருக்கிறார். புதிதாக மணமான தம்பதிகளைக் கவனித்து ஆறு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, சேர்ந்திருந்தவர்கள் அப்படிப்பட்ட அழைப்புகளில் 86 சதவீதத்துக்கு முகம் கொடுத்திருந்தார்கள், பிரிந்தவர்கள் 33 சதவீதத்துக்குத்தான். அது தம்பதிகளுக்கான கணக்கு. அப்பா மகளுக்கு அந்த எண்கள் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். உறவு பெரிய பேச்சுவார்த்தைகளில் அல்ல, சார்ஜரில் இருக்கிறது என்ற அளவில் எடுத்துக்கொண்டேன். அப்பாவுக்கு ஒரே ஒரு விதி: அழைப்புக்குப் பதில் சொல்லும்போது அறிவுரை சேரக் கூடாது. சார்ஜர் கேட்டால் சார்ஜர். அவ்வளவுதான்.

மன்னிப்பு

ஃபோன் எறிந்ததற்கு மன்னிப்பு கேட்கும் எண்ணம் ஒன்பதாவது வாரம் அவரிடமிருந்தே வந்தது. புது ஃபோன் வாங்கிக் கொடுத்ததே மன்னிப்பு என்று அதுவரை நினைத்திருந்தார். என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "நான் எறிஞ்சது தப்பு. ஆனா நீ மறைச்சதாலதான்..." என்று ஆரம்பித்தார். "ஆனா"வுக்குப் பிறகு வருவதை எடுத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள் என்றேன். முடியவில்லை. உண்மையாகவே முடியவில்லை, வாக்கியம் தானாக அங்கே போய் நின்றது. அடுத்தடுத்து மூன்று சந்திப்புகளில் இதற்கே நேரம் போயிற்று. தன் தப்பை மட்டும் தனியாக வைத்தால் பெற்றவன் என்ற இடமே போய்விடும் என்று அவர் பயந்தார். அவருடைய அப்பா ஒருநாளும் மன்னிப்பு கேட்டதில்லை, அப்படி ஒன்றை அவர் பார்த்ததே இல்லை. அதைச் சொல்லும்போது அழுதார்.

கடைசியில் வீட்டில், அறை வாசலில் நின்று சொன்னது இது: "அன்னிக்கு உன் ஃபோனைப் புடுங்கி எறிஞ்சேன். நீ ரொம்பப் பயந்திருப்பே. அது என் தப்பு." மகள் "சரி" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் அன்றிரவே எனக்குச் செய்தி அனுப்பினார், ஒன்றும் நடக்கவில்லை என்று. மன்னிப்பு கேட்பது உங்கள் வேலை, மன்னிப்பது அவள் வேலை, அதற்கு அவள் நேரம் என்று பதில் எழுதினேன். இரண்டு நாள் கழித்து மகள் அம்மாவிடம் போகாமல் நேராக அவரிடம் வந்து, மறுநாள் காலை பள்ளியில் இறக்கிவிட முடியுமா என்று கேட்டாள். அவர் ஷிப்டை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டார். பிறகு அது வாரத்துக்கு இரண்டு நாள் வழக்கமாயிற்று. வண்டியில் அவள் பின்னால் உட்காருவாள், முகம் பார்க்க வேண்டியதில்லை. முழு வாக்கியங்கள் அங்கேதான் முதலில் வந்தன.

பதினான்காவது வாரம்

ஒரு மாலை மகள் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தாள். ஃபோன் அணைந்திருந்தது. அப்பா வாசலிலேயே கத்தினார், பழைய குரலில். அவள் அறைக்குப் போய்விட்டாள்.

நாற்பது நிமிடம் கழித்து அவர் கதவுக்கு வெளியே நின்று பேசியதை அம்மா என்னிடம் சொன்னார். "நீ வரலைன்னதும் பயந்துட்டேன். பயத்தைச் சொல்லத் தெரியாம கத்திட்டேன். கத்தினது தப்பு. லேட்டானா எப்படித் தகவல் சொல்றதுங்கறதை நாளைக்குப் பேசலாம்."

உள்ளேயிருந்து பதில் வந்தது. "பேட்டரி போயிடுச்சுப்பா."

வெறும் இரண்டு சொல் பதில் போலத் தோன்றலாம். ஃபோன் எறிந்த இரவுக்குப் பிறகு, கேட்கப்படாமலேயே அவள் அவருக்குக் கொடுத்த முதல் விளக்கம் அது. "அப்பா" என்ற சொல்லும் அதில் இருந்தது.

அடுத்த சந்திப்பில் அப்பா எல்லாம் கெட்டுவிட்டது என்றே நினைத்து வந்தார். உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக்கின் ஆய்வைப் பற்றிச் சொன்னேன். 1970-களில், பேசிச் சிரித்துக்கொண்டிருக்கும் தாய் சில நிமிடம் முகத்தில் உணர்ச்சியே காட்டாமல் இருந்தால் கைக்குழந்தை என்ன செய்கிறது என்று அவர் பார்த்தார். குழந்தை முதலில் தாயைத் தன் பக்கம் திருப்பப் பாடுபடும், முடியாதபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதே ஆய்வாளர் பிற்பாடு சொன்னது, நல்ல உறவிலும் தாயும் குழந்தையும் இசைந்திருப்பது ஏறக்குறைய 30 சதவீத நேரம்தான். மீதி நேரம் இசைவு தப்புவதும் மறுபடி சேர்வதுமாகப் போகிறது, குழந்தை நம்பக் கற்றுக்கொள்வது அந்த மறுபடி சேர்வதில்தான். உங்கள் மகள் கைக்குழந்தை இல்லை. ஆனால் அன்று அவள் பார்த்தது கத்திய அப்பாவை மட்டுமல்ல, திரும்பி வந்து நின்ற அப்பாவையும் என்றேன்.

தாமதம் பற்றிய பேச்சு மறுநாள் நடந்தது. தகவல் சொல்லாமல் தாமதிக்கக் கூடாது என்பதில் அப்பா விட்டுக்கொடுக்கவில்லை, விட்டுக்கொடுக்கவும் தேவையில்லை. கோபத்தைக் கைவிடுவது என்றால் கண்டிப்பைக் கைவிடுவது என்று பல பெற்றோர் பயப்படுகிறார்கள். அன்றைய பேச்சில் விதி இருந்தது, கத்தல் இல்லை. மகள் ஒத்துக்கொண்டாள்.

எட்டாவது மாத நிலை

மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை அப்பா குரல் உயர்கிறது. அநேகமாக அன்றே திரும்பி வந்து பேசிவிடுகிறார். மகள் இரவில் அறைக்கதவைத் திறந்து வைக்கிறாள், ஹெட்ஃபோன் மாட்டினால் இப்போது பாட்டு ஓடுகிறது. மதிப்பெண்களை இன்னமும் முதலில் அம்மாவிடம்தான் சொல்கிறாள். "அதுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும்" என்று அவளே சொன்னாள். அதை அவசரப்படுத்த வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

முடியாமல் நிற்பது ஒன்று உண்டு. தூது வேலை போனதும் அம்மா வெறுமையாக உணர்கிறார். கணவனும் மனைவியும் இத்தனை வருடம் பேசியது மகளைப் பற்றித்தான், இப்போது அவர்களுக்குள் பேச்சே இல்லை என்பது வெளியே தெரிகிறது. அதை இனிமேல்தான் எடுக்க வேண்டும்.

இன்னொரு முறை என்றால்

முதல் சந்திப்பிலேயே தூரத்தை விசாரிப்பேன். எத்தனை முறை கத்தினார் என்பதோடு, கடைசியாக எப்போது காரணமில்லாமல் பேசிக்கொண்டீர்கள் என்பதையும் எழுதி வைப்பேன், இரண்டையும் வாராவாரம் பார்ப்பேன். குறிப்பேட்டில் கோபத்துக்கு ஒரு பக்கம் என்றால், மகள் நீட்டிய கைக்கு எதிர்ப்பக்கம் முதல் நாளிலிருந்தே இருக்கும். ஏழு வாரம் அதில் இழந்தோம்.

விலகிப் போவதைத் திரும்பி வருவதோடு சேர்த்தே சொல்லிக்கொடுப்பேன், ஒரே நாளில், ஒரே மூச்சில். ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போக யாரையும் விட மாட்டேன். இப்படி ஒரு ஏற்பாடு வருகிறது, அப்பா எழுந்து போனால் அது உன்மேல் வெறுப்பில் அல்ல என்று மகளிடமும் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அவளுக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. மூன்று வாரம் அவள் தனக்குள்ளேயே காரணம் தேடியிருக்கிறாள். அதற்காக அவளிடம் நான் வருத்தம் தெரிவித்தேன்.

தூக்கத்தைப் பற்றிக் கேட்டிருப்பேன். அப்பா ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிக்கொண்டிருந்தார் என்பது மூன்றாவது மாதம்தான் எனக்குத் தெரியவந்தது. மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன், இப்போது தூக்கம் கொஞ்சம் சீராகியிருக்கிறது. குறிப்பேட்டில் களைப்பு என்று அவரே திரும்பத் திரும்ப எழுதியிருந்தும் நான் கேட்கவில்லை.

அம்மாவை விலகச் சொல்லும் முன், அவருக்கென்று இரண்டு தனிச் சந்திப்புகள் வைத்திருப்பேன். அவரை விலகச் சொன்ன இடத்தில் வேறு எதையும் வைக்காமல் வெறுமையாக விட்டேன். அடுத்த மாதத்திலிருந்து அவர் தனியாக வருகிறார்.